எட்டுப் பேர் கூடாரம்

"இதுக்குள்ள நான் எங்கேங்க படுக்கிறது?" என்று கேட்டாள் மோகனா.

கார் போர்ச்சில் நிறுத்தியிருந்த பச்சைக் கூடாரத்துக்குள் யுகேந்திரன் மல்லாந்து கிடந்தார். தலை பின்பக்கத் துணியில் முட்டிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ளதெல்லாம் வாசல் வழியாக வெளியே வந்து சிமெண்டுத் தரையில் கிடந்தது. பையின் மேல் 'இரண்டு பேர்' என்று தெளிவாகத்தான் போட்டிருந்தார்கள்.

"பக்கத்துல" என்றார் உள்ளேயிருந்து.

"பக்கம் எங்க இருக்கு?"

யுகேந்திரன் இடது பக்கம் பார்த்தார். துணி. வலது பக்கம் பார்த்தார். அங்கேயும் துணிதான்.

"ஒருக்களிச்சுப் படுத்தா இடம் வரும்."

"சரி. புரண்டு படுக்கணும்னா வெளிய போய்ப் புரண்டுட்டு வரணுமா?"

நியாயமான கேள்வி என்று அவருக்கே பட்டது. வீட்டில் மற்ற எல்லாரும் கோயிலுக்கும் பாசாருக்கும் போயிருந்த சமயம் பார்த்து ரகசியமாக விரித்த கூடாரம் அது. அவர்கள் திரும்பி வருவதற்குள் மடித்துக் காரின் பின்பக்கம் ஒளித்துவைக்க வேண்டும்.

டத்தோ கிராமாட்டில் இருக்கும் அந்த வீட்டில் அறைகள் மூன்று, ஆட்கள் பத்து. தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற ஒரே அறை முன்பு யுகேந்திரனுக்கும் மோகனாவுக்கும் இருந்தது. தம்பி அருணுக்குக் கல்யாணம் ஆனதும் அதை அவனுக்கும் பிரமிளாவுக்கும் கொடுத்துவிட்டார்கள். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு விட்டுக்கொடுப்பதுதானே முறை. இரண்டாவது அறை, கணவர் தவறிய பிறகு இரட்டைப் பெண்களோடு வந்து சேர்ந்த குமுதா அக்காவுக்கு. மூன்றாவதில் மோகனாவும் குணவதி சித்தியும். சித்தியும் அர்ஜுனன் சித்தப்பாவும் சித்தப்பாவின் கண் ஆப்பரேஷனுக்காக கெப்பாலா பத்தாஸ் ஊரிலிருந்து வந்தவர்கள். கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்து வெகுநாள் ஆகிவிட்டது. வீட்டுக்குப் போகிற வழிதான் சித்தப்பாவுக்கு இன்னும் தெரியவில்லை. ஹாலில் ஒரு பக்கம் சித்தப்பா, மறுபக்கம் ஷர்வின், நடுவில் அவன் அப்பா யுகேந்திரன்.

அந்த வீட்டில் கணவனும் மனைவியும் தனியாகப் பேசிக்கொள்கிற இடம் துணி துவைக்கும் மெஷின் பக்கம்தான். அதுவும் மெஷின் கடைசிச் சுற்றில் சுழன்று அலறும்போது மட்டும். அப்போதுதான் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காது. மெஷின் நின்றால் பேச்சும் நின்றுவிடும். எத்தனையோ முக்கியமான விஷயங்களைப் பாதியில் விட்டுவிட்டு இருவரும் ஆளுக்கொரு பக்கம் துணி காயப்போடப் போயிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் அவர்களுடைய கல்யாண நாள். ஒரே ஒரு ராத்திரி, மோகனாவோடு தனியாக உட்கார்ந்து, பாதியில் நின்றதையெல்லாம் பேசி முடிக்க வேண்டும். யுகேந்திரன் இந்த உலகத்தில் ஆசைப்பட்டது அவ்வளவுதான். ஹோட்டலுக்குப் போகலாம் என்றால் வீட்டில் யாருக்கு என்ன காரணம் சொல்வது என்று கூச்சமாக இருந்தது. கடலோரக் காட்டுக்குப் போகிறோம் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், கூட வரவும் மாட்டார்கள் என்று நினைத்தார். அதனால்தான் கூடாரம்.

"டென்டுக்குக் கதவு உண்டா?" என்று கேட்டாள் மோகனா.

"ஜிப் இருக்கு."

"ஜிப்பு கதவாகுமா?" என்றாள். அதற்குள் கோயிலுக்குப் போனவர்களின் வண்டிச் சத்தம் கேட்டது.

யுகேந்திரனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் சுலபமாக வியந்துபோகிறவர். கொடிமலை ரயில் ஏறுவதைக் கீழே நின்று பார்த்தாலே அவருக்கு வாய் திறந்துவிடும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் பகுதிக்கு அவர்தான் மேற்பார்வை. ஒரு பலகையில் எத்தனை பெட்டி ஏறும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார், சொல்லிவிட்டு அவரே தன்னை வியந்துகொள்வார். ஆனால் எல்லாவற்றையும் விட அவரை அதிகமாக வியக்க வைத்தவள் மோகனாதான். பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். வருகிறவர்களுக்கு எந்தத் தேதி என்பதை அவளே முதலில் முடிவு செய்துவிடுவாள். போகிறவர்களோ, தாங்களே அடம்பிடித்து வாங்கிய தேதி என்று சந்தோஷமாகப் போவார்கள். இதை ஒரு நாள் காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த யுகேந்திரன், பல் வலியையே மறந்துவிட்டார்.

ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் இல்ஹாமின் கடை இருந்தது. மலையேறுகிறவர்களுக்கான சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். யுகேந்திரன் கூடாரத்தைத் திருப்பிக் கொடுத்து, கால் வெளியே நீட்டிக்கொண்டு நின்ற கதையைச் சொன்னார். இல்ஹாம் சிரிக்கவில்லை. பையில் போட்டிருப்பது சார்டின் டின்னில் மீனை அடுக்குகிற கணக்கு என்று மலாயில் பொறுமையாக விளக்கினார். மூச்சு விடுகிற ஆட்கள், கூடவே அவர்களுடைய பை, செருப்பு எல்லாம் உள்ளே போக வேண்டும் என்றால், போட்டிருக்கும் எண்ணிலிருந்து இரண்டைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு பெரிய உண்மை இத்தனை நாள் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று யுகேந்திரன் மலைத்துப்போனார். நாலு பேர் கூடாரத்தை வாங்கிக்கொண்டு வந்தார். அன்று மெஷின் சுழன்றபோது மோகனாவிடம் கழித்தல் இரண்டைப் பற்றிக் கத்திச் சொன்னார். அவள் அதை மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் குடை எடுப்பதற்காக அருண் காரின் பின்பக்கத்தைத் திறந்தான்.

"அண்ணே, நாலு பேர் டென்டா? யார் யாரு?"

யுகேந்திரன் குடையை எடுத்து நீட்டினார். "நானும் அண்ணியும்."

"சரி. மிச்சம் ரெண்டு?"

இங்கேதான் விஷயம் சிக்கலாயிற்று. அந்தக் குடும்பத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. இடம் சும்மா போகக்கூடாது. பாசாருக்குப் போகிற காரில் ஒரு சீட்டு காலியாக இருந்தால், பாசாரில் வேலையே இல்லாத ஒருவர் அதில் ஏறி உட்கார்ந்துகொள்வார். கல்யாணத்துக்கு வேன் எடுத்தால், வேன் நிறைகிற வரைக்கும் சொந்தக்காரர்களைத் தேடிப் பிடிப்பார்கள். காலி இடத்தோடு ஒரு வண்டி வாசலைத் தாண்டுவதை அவர்களால் தாங்க முடியாது. நாலு பேர் கூடாரத்தில் இரண்டு பேர் என்பது அருணுக்கு உண்மையிலேயே புரியவில்லை. பைக்கும் செருப்புக்கும் என்று சொன்னால் நம்புகிற முகமா அது?

அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து மோகனாவின் குரல் வந்தது. "கேம்பிங் போறோம் அருண். இடந்தான் இருக்கே, நீங்களும் பிரமிளாவும் வாங்களேன்."

"வரோம் லா அண்ணி" என்றான் அருண்.

யுகேந்திரன் மெஷினில் துணியே இல்லாமல் ஸ்விட்சைப் போட்டார்.

"ஏன் கூப்பிட்டே?"

"நான் ஒரு வார்த்தைக்குத்தாங்க சொன்னேன். இல்ல அண்ணி, நீங்க போயிட்டு வாங்கன்னு சொல்வாங்கன்னு நெனச்சேன்."

உண்மைதான். ஒரு வார்த்தைக்குக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டவரைச் சங்கடப்படுத்தாமல் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். காலம் காலமாக அப்படித்தான். அருண் இந்தக் காலத்துப் பையன், அவனுக்கு மறுபாதி தெரியவில்லை. மோகனா மேல் என்ன தப்பு? யுகேந்திரன் அவளைச் சமாதானப்படுத்தினார்.

இனி நாலு பேர். கழித்தல் இரண்டு என்றால் ஆறு பேர் கூடாரம் வேண்டும். யுகேந்திரன் மாற்றிக்கொண்டு வந்தார். இந்த முறை புத்திசாலித்தனமாக, பையில் இருந்த 'ஆறு' என்ற எண்ணின் மேல் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த பழுப்பு டேப்பை ஒட்டி மறைத்தார்.

குமுதா அக்கா ஹாலுக்குள் வந்ததும் டேப்பைத்தான் முதலில் பார்த்தார். "இது என்ன தம்பி ஒட்டி வச்சிருக்கே, கிழிஞ்சிருச்சா?" என்று கேட்டபடியே உரித்துவிட்டார். ஆறு. அக்கா விரல் விட்டு எண்ணினார். இரண்டு இடம் மிச்சம் விழுந்தது. பெண்கள் இரண்டு பேரும் எப்போதும் அறைக்குள்ளேயே போனோடு கிடக்கிறார்கள், கடற்காற்று பட்டால் நல்லது என்றார். அதோடு நின்றிருக்கும். மோகனா காப்பியைக் கொண்டுவந்து கொடுத்து, அக்கா இல்லாமல் வயசுப் பிள்ளைகள் ராத்திரி வெளியே எப்படித் தங்கும் என்று ஒரு வார்த்தைக்குச் சொல்லிவைத்தாள்.

அக்கா யோசித்தார். "நானும் வரேன்" என்றார்.

கணவர் போன பிறகு அக்கா எங்கேயும் வருகிறேன் என்று சொன்னதில்லை. கோயில் தேருக்குக் கூட வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். அவரே வருகிறேன் என்று சொன்ன பிறகு வேண்டாம் என்று சொல்ல யுகேந்திரனுக்கு வாய் வருமா? அவர் மறுபடி ஆயர் ஈத்தாமுக்குப் போனார். அவரைத் தூரத்தில் கண்டதுமே இல்ஹாம் எட்டுப் பேர் கூடாரத்தை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டார்.

அது பெரிய கூடாரம். பையைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்ததும் மற்றவர்கள் தாங்களாகவே சேர்ந்துகொண்டார்கள். எல்லாரும் போன பிறகு ஷர்வின் மட்டும் வீட்டில் தனியாக எப்படி என்றாள் மோகனா. சித்தப்பாவும் சித்தியும் பெரியவர்கள், ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் போனால் நன்றாகவா இருக்கும் என்றாள். ஒரு வார்த்தை சொன்னாள். சித்தப்பா அன்றைக்கே பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார்.

"பத்துப் பேர் மோகனா" என்றார் யுகேந்திரன், மெஷின் பக்கத்தில் நின்று. "இல்ஹாம் கணக்குக்குப் பன்னெண்டு பேர் டென்டு வேணும். அப்படி ஒன்னு வந்துச்சுன்னா உங்க கிளினிக் டாக்டரும் வருவாரு."

"எட்டே போதுங்க."

"எப்படிப் போதும்?"

"படுக்க வச்சுப் பாருங்களேன்" என்றாள். மெஷின் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் போர்ச்சில் அந்தச் சோதனை நடந்தது. கூடாரத்தின் நீள அகலத்துக்கு யுகேந்திரன் தரையில் டேப் ஒட்டினார். பிறகு குடும்பத்தைக் கூப்பிட்டு உள்ளே அடுக்க ஆரம்பித்தார். தொழில் தெரிந்தவர் அல்லவா, முதலில் அளவெடுத்தார். சித்தப்பாவின் தோள்பட்டையை அளந்தபோது அவர் தையல்காரர் முன்னால் நிற்பதுபோலக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். எல்லாரையும் ஒரே பக்கம் தலைவைத்துப் படுக்கச் சொன்னால் ஆறு பேரோடு நின்றது. ஒருவர் தலைமாடு, அடுத்தவர் கால்மாடு என்று மாற்றிப் போட்டதும் ஏழாவது ஆள் உள்ளே போனார். குறட்டைக்காக சித்தப்பாவை ஓரத்துக்குத் தள்ளி, அவருக்குப் பக்கத்தில் பழகிப்போன சித்தியைப் போட்டார். இரட்டையருக்கு நடுவில் அக்கா. கடைசியாக ஷர்வினைக் கால்மாட்டில் குறுக்கே கிடத்தினார். அவன் போனைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

எட்டுப் பேர். டேப்பை யாரும் மிதிக்கவில்லை, யாரும் யாரையும் இடிக்கவில்லை. யுகேந்திரன் தன் வாழ்நாளில் இப்படி ஒரு அடுக்கை அடுக்கியதில்லை. அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. தூங்குறப்ப எப்படி இருக்கும்னு பாப்போம்" என்றார்.

எட்டுப் பேரும் கண்ணை மூடினார்கள். போர்ச்சில் சத்தமே இல்லை. பேச்சு இல்லை, டிவி இல்லை, பாத்திரம் உருளவில்லை. டேப்புக்கு வெளியே அவரும் மோகனாவும் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள். பட்டப்பகலில், சொந்த வீட்டு வாசலில், யாருமே பார்க்காமல் அவளுக்குப் பக்கத்தில் நிற்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று யுகேந்திரன் நினைத்தார். அவள் நெற்றியில் வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்த முடியைக் கூட அன்றுதான் நிதானமாகப் பார்த்தார்.

"எட்டு சரியா இருக்குல்ல?" என்றாள் மோகனா மெதுவாக.

"நாம ரெண்டு பேரும் வெளிய நிக்கிறோமே."

"ஆமா. இல்ஹாம் சொன்னதுதானே, ரெண்டைக் கழிக்கணும்."

"அது இடத்துல கழிக்கிறது. ஆள்ல இல்ல."

"எதுல கழிச்சா என்னங்க?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் கணக்கில் இவ்வளவு பலவீனமானவள் என்பது இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரியாது.

அன்று முழுவதும் யோசித்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். எட்டுப் பேரும் கூடாரத்துக்குள் தூங்கட்டும். அவரும் மோகனாவும் வெளியே மணலில் ஒரு பாயைப் போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்தபடி விடிய விடிய உட்கார்ந்து பேசலாம். நினைக்க நினைக்க இதுதான் ஆரம்பத்திலிருந்தே சரியான திட்டம் என்று தோன்றியது. பாயை எடுத்துத் தட்டி வைத்தார். இதை சித்தப்பா பார்த்துவிட்டார்.

"எனக்கும் புது எடத்துல தூக்கம் வராதுடா யுகா. நானும் உன்கூட வெளிய உக்காந்து பேசிக்கிட்டிருக்கேன்" என்றார் ஆதரவாக.

சனிக்கிழமையும் வந்தது. மோகனாவுக்கு அன்று கிளினிக் மதியம் வரைக்கும் உண்டு. லீவு கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்றாள். மற்றவர்கள் வேனில் முன்னால் போவது, கார் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டால் அவள் வேலை முடிந்து, படகு ஏறும் ஜெட்டிக்கு வந்து கடைசிப் படகைப் பிடிப்பது என்று ஏற்பாடு. படகையும் அவளே போன் செய்து பேசி முடித்திருந்தாள். சாமான்களைக் கட்டியதும் அவள்தான். யுகேந்திரன் வேலை, அருணோடு சேர்ந்து கூடாரப் பையை வேனில் ஏற்றுவது மட்டுமே.

தெலுக் பஹாங் ஜெட்டியில் படகுக்காரர் ஷேக் அலாவுதீன் காத்திருந்தார். தாடி நரைத்த, அதிகம் பேசாத மனிதர். ஒவ்வொருவராகப் படகில் இறங்கியபோது தலையை எண்ணினார்.

"எட்டு. அப்புறம் ஒன்னு. சரியா இருக்கு" என்றார்.

ஒன்பது என்று சொன்னால் வாய் வலிக்குமா என்று யுகேந்திரன் நினைத்தார். ஆனால் படகு திரும்பி வேகமெடுத்ததும் அதை மறந்துபோனார். ஒரு பக்கம் கடல் தகதகத்தது. மறுபக்கம் மலை அப்படியே காட்டோடு இறங்கிவந்து தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டிருந்தது. வெள்ளை வயிற்றுக் கழுகு ஒன்று அவர்களுக்கு மேலே இறக்கையை அசைக்காமல் கூடவே வந்தது. ஒரே தீவில் பிறந்து வளர்ந்து, இதைப் பார்க்காமல் இத்தனை காலம் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோமே என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது. போனில் படம் எடுத்து மோகனாவுக்கு அனுப்பப் பார்த்தார். லைன் இல்லை.

கெராச்சுட் கடற்கரையில் இறங்கியபோது யாரும் பேசவில்லை. சித்தப்பா கூடப் பேசவில்லை. அகலமாக வளைந்து கிடந்த மணலில் ஒரு காலடி கூட இல்லை. கரைக்குப் பின்னால் ஏரி ஒன்று நிறைந்திருந்தது. மேலே ஆற்றுத் தண்ணீர், அடியில் கடல் தண்ணீர், இரண்டும் ஒரே ஏரியில் கிடந்தும் கலப்பதில்லை என்று அங்கே எழுதி வைத்திருந்ததை ஷர்வின் படித்துச் சொன்னான். யுகேந்திரன் மரப்பாலத்தில் நின்று அந்த ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு டத்தோ கிராமாட் வீடும், ஹாலில் தன் படுக்கையும், மூன்றாவது அறையில் மோகனாவின் படுக்கையும் ஞாபகத்துக்கு வந்தன. ஒரே வீடுதான்.

கூடாரம் எழுந்து நின்றது இன்னொரு அதிசயம். கம்பிகளைக் கோத்து நாலு மூலையிலிருந்தும் தள்ளியதும், தரையில் கிடந்த துணி பெருமூச்சு விட்டு எழுந்ததுபோல எழுந்து, ஒரு சின்ன வீடாக நின்றது. இரட்டையர் கைதட்டினார்கள். எட்டுப் பேரும் உள்ளே போய், போர்ச்சில் ஒத்திகை பார்த்தபடியே தலைமாடு கால்மாடாகப் படுத்துப் பார்த்தார்கள். கச்சிதமாக இருந்தது. உள்ளேயிருந்து வந்த சிரிப்பில் ஒரு சிரிப்பு யாருடையது என்று யுகேந்திரனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. குமுதா அக்காவுடையது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெண்களோடு அலைக்குள் ஓடினார். யுகேந்திரன் போனை எடுத்துப் பார்த்தார், லைன் இன்னும் வரவில்லை. இதை மோகனா பார்க்க வேண்டுமே என்று தவித்தார்.

மாலைப் பலகாரத்துக்கு சித்தி கூடையைப் பிரித்தார். தட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தவர் யுகேந்திரனிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"உனக்குத் தட்டு இல்லையே யுகா. எட்டுத்தான் இருக்கு."

தலையணையும் எட்டு. போர்வையும் எட்டு. தன் பையைத் திறந்து பார்த்தார். கைலியும் இல்லை, துண்டும் இல்லை, பை நிறையப் பழைய நாளிதழ்தான் சுருட்டி வைத்திருந்தது. பாவம், கிளினிக் வேலை, சமையல், இத்தனை பேருக்கு மூட்டை கட்டுகிற வேலை. எதையுமே மறக்காத மோகனா வாழ்க்கையில் முதல் முறையாக மறந்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்கு அவள் மேல் இரக்கமும் அதைவிட அதிகமாகப் பிரியமும் வந்தது. அவள் வந்ததும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டார்.

வெயில் தணிந்தது. கடைசிப் படகு வரும் நேரம். யுகேந்திரன் பாயைக் கொண்டுபோய்ப் படகுத்துறைக்குப் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து விரித்தார். சித்தப்பா வருவதற்குள் மோகனாவை அதில் உட்காரவைத்துவிட வேண்டும். முகத்தைக் கடல் தண்ணீரில் கழுவினார், உப்பு எரிந்தது. கையால் தலையை வாரிக்கொண்டார். பெண் பார்க்கப் போன அன்றைக்குக் கூட அவருக்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லை.

முனையைச் சுற்றிக்கொண்டு படகு வந்தது. சூரியன் அதற்குப் பின்னால் இருந்ததால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். படகுக்காரர் தெரிந்தார். பலகைகள் தெரிந்தன. பலகைகளில் யாரும் இல்லை.

படகு துறையில் வந்து இடித்து நின்றது. யுகேந்திரன் அதற்குள் எட்டிப் பார்த்தார். படகில் ஒரு ஆள் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது, இருந்தும் பார்த்தார்.

"என் சம்சாரம் வரலையா அண்ணே?"

"வரல."

"ஜெட்டியில வேற படகு இருக்கா?"

"இதுதான் கடைசி."

யுகேந்திரன் ஜெட்டி இருந்த திசையைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் கூடாரத்திலிருந்து எட்டுப் பேரின் சிரிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. வானம் முழுவதும் செம்பருத்தி நிறத்தில் இருந்தது. இவ்வளவு அழகை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை, இவ்வளவு அழகை வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்வது என்றும் அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் கூடாரத்தில் ஆரம்பித்து எட்டுப் பேர் கூடாரம் வரைக்கும் வந்து, கடைசியில் அந்த இரண்டு பேரில் ஒருவர் இல்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. குனிந்து பாயைச் சுருட்டினார்.

ஷேக் அலாவுதீன் கயிற்றை அவிழ்க்கவில்லை, மோட்டாரையும் நிறுத்தவில்லை. பாயைச் சுருட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்தவர்போல நின்றார். பிறகு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினார்.

"ஏறுங்க தம்பி, இருட்டுறதுக்குள்ள போகணும். எட்டுப் பேரை டென்டுல விட்டுட்டு ஒருத்தரை மட்டும் திருப்பிக் கொண்டாங்கன்னு உங்க வீட்டம்மா போன வாரமே சொல்லிட்டாங்க. ஜெட்டியில கார்ல உக்காந்திருக்காங்க, வீடு காலியா இருக்காம்."